சிடியில் பூட்டிக் கிடக்கும் தாத்தாவின் குரல்: லினக்ஸில் அனுமதிச் சிக்கலை அவிழ்ப்பது எப்படி?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். 1964 புயலைப் பற்றி எங்கள் தாத்தா பேசியதை அக்கா மகன் 2008இல் பதிவுசெய்து, ஐந்து சிடிகளில் எழுதிக் கொடுத்தான். தாத்தா இப்போது இல்லை. என் பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு சிடி ஒழுங்காகத் திறக்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஃபோல்டர் பெயர் தெரிகிறது, உள்ளே போனால் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது. சுடோ போட்டு சிஎச்மோட் 777 கொடுத்தும் மாறவில்லை. ஐந்தாவது பாதியில் நின்றுவிடுகிறது. அக்கா மகன் கணினியில் அப்போது எல்லாமே திறந்ததாம். கடல்காற்றில் சிடி கெட்டுவிட்டதா சார்?

பதில்: சகோதரி, முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஐந்தாவது சிடியை டிரைவில் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மூன்றும் நான்கும் கெடவில்லை. கெட்ட சிடி ‘அனுமதி இல்லை’ என்று சொல்லாது.

இந்த வேலையில் முதல் மருந்தே திரையில் வரும் வாசகத்தை எழுத்து விடாமல் படிப்பதுதான். ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் சிடி நன்றாக இருக்கிறது, ஃபைலும் இருக்கிறது, உங்களைத்தான் உள்ளே விடவில்லை. ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் எழுத முடியாத ஒன்றில் எழுதப் பார்க்கிறீர்கள். ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றால்தான் தட்டிலோ டிரைவிலோ கோளாறு. மூன்றும் மூன்று நோய். மூன்றுக்கும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்ற ஒரே மாத்திரையைக் கொடுப்பது நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சிடியில் அது ஒருபோதும் வேலை செய்யாது. நீங்கள் சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையைக் கொடுத்தபோது ‘ரீட் ஒன்லி’ என்றுதான் பதில் வந்திருக்கும், திரும்பப் பாருங்கள். எழுதி முடித்த சிடியில் அனுமதியும் லேசரால் பொறிக்கப்பட்டதுதான். கணினியின் நிர்வாகியான ரூட்டே வந்தாலும் அதை மாற்ற முடியாது. ஆனால் அந்தத் தட்டைக் கணினியில் ஏற்றும் விதத்தை, அதாவது மவுன்ட் செய்யும் விதத்தை, மாற்றலாம். உங்கள் சிக்கலுக்குத் தீர்வு அங்கேதான் இருக்கிறது.

சிடியின் அடிப்படை அமைப்புக்கு ஐஎஸ்ஓ 9660 என்று பெயர். 1988இல் வந்த தரம். அதில் ‘இந்த ஃபைல் யாருடையது, யார் படிக்கலாம்’ என்று யுனிக்ஸ் முறையில் எழுதிவைக்க இடமில்லை. யுனிக்ஸ்காரர்கள் அதன்மேல் ராக் ரிட்ஜ் என்ற நீட்சியைச் சேர்த்தார்கள். ஃபைலின் சொந்தக்காரர் எண், குழு எண், படிக்க-எழுத-இயக்க அனுமதி, நீளப் பெயர் எல்லாம் அதில் பதிவாகும். மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஜோலியட் என்ற நீட்சியைக் கொண்டுவந்தது. அதில் நீளப் பெயர் உண்டு, அனுமதி கிடையாது. அதனால்தான் விண்டோஸில் எழுதிய சிடிகளில் இந்த வம்பு குறைவு. உங்கள் அக்கா மகன் லினக்ஸில் எழுதியிருக்கிறார். அவருடைய ஃபோல்டர்களில் இருந்த அனுமதி அப்படியே சிடிக்குள் போய்விட்டது.

அதை நீங்களே பார்க்கலாம். இங்கே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி மாறாமல் அடியுங்கள். மூன்றாவது சிடியைப் போட்டு, அது ஏறிய ஃபோல்டருக்குள் போய்,

எல்எஸ் -எல்என்

என்று கொடுங்கள். கடைசி எழுத்து ‘என்’ முக்கியம். சொந்தக்காரரைப் பெயராகக் காட்டாமல் எண்ணாகக் காட்டும். பூட்டிய ஃபோல்டரின் வரி, டி ஆர் டபிள்யூ எக்ஸ் என்ற நான்கு எழுத்தும் அதையடுத்து ஆறு சிறு கோடுகளுமாகத் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். சொந்தக்காரரைத் தவிர ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்பதே அந்த ஆறு கோட்டின் பொருள். பக்கத்தில் ஓர் எண் இருக்கும், 1003 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ‘ஐடி’ என்று மட்டும் அடியுங்கள். உங்கள் எண் வரும். டெபியனில் முதலில் உருவாக்கிய பயனருக்கு 1000. சிடி 1003ஐக் கேட்கிறது, நீங்கள் 1000. அவ்வளவுதான் தகராறு. முதல் இரண்டு சிடியில் ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்ததாக இருந்திருக்கும், அதனால் தகராறில்லை.

பெயரைப் பார்த்து லினக்ஸ் ஆளை அடையாளம் காண்பதில்லை. பாம்பன் கரையில் நிற்கும் விசைப்படகை அதன் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணை வைத்துத்தானே பதிவேட்டில் தேடுகிறோம், அது போல. உங்கள் அக்கா மகன் தன் கணினியில் திறந்தபோது அவர் எண்ணும் சிடியில் உள்ள எண்ணும் ஒன்று. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய எண் தற்செயலாக 1003ஆக இருந்தால் அவருக்கும் தடையில்லாமல் திறக்கும். ‘அவன் கணினியில் திறந்தது, என்னுடையதில் திறக்கவில்லை’ என்று வரும் கேள்விகளில் பல இந்த எண் விஷயத்தில்தான் முடிகின்றன.

தீர்வுக்கு வருவோம். முதலில் ஏற்றியிருப்பதை இறக்குங்கள். சிடி ஃபோல்டருக்குள் இருந்தபடியே இறக்கினால் ‘பிஸி’ என்று அடம்பிடிக்கும். வெளியே வந்து,

சுடோ யுமவுன்ட் /டெவ்/எஸ்ஆர்0

யுமவுன்ட் என்பதில் ‘யு’வுக்கு அடுத்து ‘என்’ வராது, நேராக ‘எம்’. /டெவ்/எஸ்ஆர்0 என்பது சிடி டிரைவின் பெயர், கடைசியில் பூஜ்யம். பிறகு,

சுடோ மவுன்ட் -ஓ ஆர்ஓ,யுஐடி=1000,ஜிஐடி=1000 /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி

‘சிடியில் யார் எண் எழுதியிருந்தாலும் சரி, எல்லாவற்றையும் 1000இன் சொத்தாகக் காட்டு’ என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்கிறோம். இப்போது அந்த ஆறு கோடு அப்படியே இருக்கும், ஆனால் சொந்தக்காரர் நீங்கள். எம்என்டி ஃபோல்டரில் போய்ப் பாருங்கள், கதவு திறந்திருக்கும். இறக்காமலே இரண்டாவது முறை ஏற்றினால் கட்டளை போனதுபோலத் தெரியும், ஆனால் புதிதாகக் கொடுத்த விருப்பங்களைக் கெர்னல் கண்டுகொள்ளாது. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து ‘இதுவும் பலிக்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அரிதாகச் சில சிடியில் சொந்தக்காரருக்கே படிக்கும் அனுமதி இல்லாமல் பதிவாகியிருக்கும். அப்போது யுஐடி மட்டும் போதாது. அதே இடத்தில் ஓவர்ரைட்ராக்பெர்ம் என்ற விருப்பத்தை (‘ஓவர்ரைட்’டின் எழுத்து ஓ வி இ ஆர் ஆர் ஐ டி இ, நடுவில் டபிள்யூ வராது) ஒரே சொல்லாகச் சேர்த்து, மோட்=0444, டிமோட்=0555 என்றும் கொடுங்கள். முதலாவது ஃபைலுக்கு, அடுத்தது ஃபோல்டருக்கு. முன்னால் உள்ள பூஜ்யத்தை விடாதீர்கள். ஓவர்ரைட்ராக்பெர்ம் இல்லாமல் மோட் மட்டும் கொடுத்தால் ராக் ரிட்ஜ் உள்ள சிடியில் அது செல்லாது.

‘டெஸ்க்டாப்பில் ஐகானைத் தட்டினாலே திறக்க வேண்டாமா, இதெல்லாம் எதற்கு’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெஸ்க்டாப்பில் யுடிஸ்க்ஸ் என்ற சேவைதான் சிடியை ஏற்றுகிறது. அது தானாகவே உங்கள் எண்ணைப் போட்டுத்தான் ஏற்றும். ஆனால் டிவிடி டிரைவ் உள்ள கணினியில் டெபியன் நிறுவும்போது, இடிசி அடைவில் (ஃபோல்டரில்) உள்ள எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிரைவுக்கென ஒரு வரியைப் பெரும்பாலும் எழுதிவைக்கும். அந்த வரி இருந்தால் யுடிஸ்க்ஸ் தன் வழக்கத்தை விட்டு அந்த வரிப்படியே நடக்கும், அதில் உங்கள் எண் இருக்காது. எஃப்எஸ்டேப்பைத் திறந்து, /டெவ்/எஸ்ஆர்0 என்று தொடங்கும் வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி (#) போட்டுச் சேமியுங்கள். மற்ற வரிகளில் கை வைக்காதீர்கள், கணினியே கிளம்பாமல் போகலாம். ஒருமுறை மறுதொடக்கம் செய்தபின் ஐகானைத் தட்டினாலே மூன்றாவதும் நான்காவதும் திறக்க வேண்டும். உங்கள் சிக்கலுக்கு நிரந்தரத் தீர்வு என்று நான் நினைப்பது இதைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யுடிஸ்க்ஸ் ஏற்றிய சிடி, ஏற்றியவருக்கு மட்டுமே. மீடியா அடைவுக்குள் உங்கள் பெயரில் உருவாகும் ஃபோல்டருக்குள் வீட்டிலுள்ள இன்னொரு லாகின் நுழைய முடியாது. பிள்ளைகள் வேறு லாகினில் வந்து ‘திறக்கவில்லை’ என்றால் சிடியைச் சந்தேகிக்காமல் நீங்கள் இறக்கிவிட்டு அவர்களை ஏற்றச் சொல்லுங்கள். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஃபைல் மேனேஜரில் திறக்கும் ஒலிப்பதிவு விஎல்சியில் மட்டும் ‘அனுமதி இல்லை’ என்றால், அந்த விஎல்சி, செயலியைத் தனிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் ஸ்னாப் முறையில் நிறுவியதாக இருக்கலாம். ஸ்னாப் செயலிகளுக்கு ரிமூவபிள்-மீடியா என்ற அனுமதியைத் தனியாகத் தந்தால்தான் வெளித்தட்டுகளைத் தொட முடியும்.

திறந்ததும் உடனே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுப்பீர்கள். சுடோ போட்டு நகல் எடுத்தால் ஃபோல்டரும் ஃபைல்களும் ரூட்டின் பெயரில் வந்து விழும், பிறகு அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. உங்கள் லாகினிலேயே நகல் எடுங்கள். சிடியிலிருந்து வந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி இல்லாவிட்டால்,

சிஎச்மோட் -ஆர் யு+ஆர்டபிள்யூஎக்ஸ் ஃபோல்டர்பெயர்

என்று கொடுங்கள். கோட்டை அடுத்த ‘ஆர்’, கடைசி ‘எக்ஸ்’ இரண்டும் பெரிய எழுத்து. பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டருக்கு மட்டும் நுழைவு அனுமதி கிடைக்கும், பாட்டு ஃபைலெல்லாம் இயங்கும் நிரல் ஆகிவிடாது.

இனி ஐந்தாவது சிடி. பாதியில் நின்றபின் ‘சுடோ டீமெசெஜ்’ கொடுத்தால் (உச்சரிப்பு எப்படியோ, எழுத்து டி எம் இ எஸ் ஜி) எஸ்ஆர்0, ஐ/ஓ எரர், செக்டர் எண் என்று வரிகள் வரும். இது அனுமதிச் சிக்கலே இல்லை. இங்குதான் உங்கள் கடல்காற்றுச் சந்தேகம் நியாயமாகிறது. எழுதும் சிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. அதன் மேலே மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கு மேலே அரக்குப் பூச்சு மட்டும்தான். டிவிடியில் இந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். சிடியில் பெயர் எழுதும் பக்கம்தான் பலவீனமான பக்கம். வெயிலும் ஈரமும் சாயத்தையும் பூச்சையும் அரிக்கும். மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் வீடுகளில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும்போது, பரணில் பிளாஸ்டிக் கவரில் கிடந்த சிடி மட்டும் தப்பும் என்று நம்ப வேண்டாம்.

சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல் வெளிச்சம் கசிந்தால் பூச்சு போயிருக்கிறது, அந்த இடம் மீளாது. வெறும் அழுக்கும் பூஞ்சையும் என்றால் மெல்லிய பருத்தித் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் தடத்தோடே ஓடி, ஒரே இடத்தில் நிறைய அழியும்.

பிறகு ஃபைல் ஃபைலாகத் திறந்து பார்க்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்பு கீழக்கரையிலிருந்து ஒரு குடும்பத்துக் கல்யாண சிடி என்னிடம் வந்தது. அனுமதிச் சிக்கல் என்று நினைத்து, காலையிலிருந்து வெவ்வேறு விதமாக ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலையில் டிரைவ் அந்தத் தட்டையே அடையாளம் காணவில்லை. முதல் முறை சுழன்றபோதே முழுப் பிம்பத்தை, அதாவது தட்டு மொத்தத்தையும் ஒரே ஃபைலாக, எடுத்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். இன்றும் எனக்கு அது வருத்தம். அதனால்தான் தொடக்கத்தில் அந்த வேண்டுகோள்.

ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்பை நிறுவுங்கள். தட்டை ஏற்றாமலே, ஏறியிருந்தால் இறக்கிவிட்டு,

டிடிரெஸ்க்யூ -பி 2048 -என் /டெவ்/எஸ்ஆர்0 தாத்தா5.ஐஎஸ்ஓ தாத்தா5.மேப்

‘பி’ என்பது பிளாக்கின் முதல் எழுத்து. 2048 என்பது சிடியின் ஒரு செக்டரில் உள்ள பைட். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை மேப் ஃபைலில் குறித்துவைத்துத் தாண்டிப்போகும். முடிந்ததும் அதே கட்டளையில் -என் என்பதை எடுத்துவிட்டு, டைரக்ட் என்பதன் முதல் எழுத்தான -டி, மூன்று முறை முயல -ஆர்3 இரண்டையும் போட்டு மறுபடி ஓடவிடுங்கள். இங்கே ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் உங்கள் லாகின் சிடிராம் குழுவில் இல்லை என்று அர்த்தம். குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

கிடைத்த ஐஎஸ்ஓ பிம்பத்தை மேலே சொன்ன மவுன்ட் கட்டளையாலேயே ஏற்றலாம். விருப்பங்களில் லூப் என்பதைச் சேர்த்து, எஸ்ஆர்0 இருந்த இடத்தில் பிம்பத்தின் பெயரைக் கொடுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும்கூட இப்படியே பிம்பம் எடுத்துவிடுங்கள், ஒரு சிடி 700 எம்பிதான். பிம்பத்தில் எந்த விருப்பத்தையும் நூறு முறை மாற்றிப் பார்க்கலாம், தட்டு ஒருமுறைகூடச் சுழலாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததைத் தன் வாயால் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் தாத்தாவின் பதிவு உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நகலை வேறு வீட்டில், முடிந்தால் கடலோரம் இல்லாத ஊரில் வைத்திருங்கள்.

முதல் டிரைவில் ஐந்தாவது சிடி முழுதாக வராவிட்டால் தெரிந்தவர் யாரிடமாவது வேறு டிரைவ் வாங்கி அதே கட்டளையை, அதே இரண்டு ஃபைல் பெயரோடு கொடுங்கள். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை இன்னொன்று படிப்பது உண்டு. மேப் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அது இருக்கும்வரை எந்த டிரைவிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.