ஒரே குரலை 40 முறை காப்பி செய்தால் கோரஸ் ஆகாது

கேள்வி: டென் சிசி என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டில் பின்னால் மேகம் மாதிரி மிதப்பது சின்தசைசரா, குரலா? நாங்கள் மூன்று நண்பர்கள் லேப்டாப்பில் முயன்றோம். ஒரு ‘ஆ’வைப் பாடி 40 ட்ராக்கில் காப்பி செய்தால் சத்தம்தான் கூடுகிறது. எங்கே தவறு சார்?

பதில்: காப்பி செய்ததுதான் தவறு. அந்த மேகம் முழுக்க மனிதக் குரல். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடியது.

குழுவில் இருந்த எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மேனும் இதை முதலில் போசா நோவா என்ற பிரேசில் தாளத்தில்தான் போட்டார்கள். சரிவரவில்லை என்று அந்தப் பதிவை அழித்தும் விட்டார்கள். ஆனால் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ ஊழியர்கள் அந்த மெட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் குழுவின் இன்னொரு உறுப்பினர் கெவின் காட்லி, ‘குரல்களை மட்டுமே வைத்துச் செய்யலாம்’ என்றார். நான்காமவர் லோல் கிரீம் டேப் லூப் யோசனையைக் கொடுத்தார்; அதாவது ஒலிநாடாத் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி, ஒலி நிற்காமல் சுற்ற வைப்பது. கோல்ட்மேன், காட்லி, கிரீம் மூவரும் ஒரு ஸ்வரத்தை 16 முறை பாடினார்கள். ஸ்வரத்துக்கு 48 குரல். எல்லா அரை ஸ்வரங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 600.

பஜனையில் பத்துப் பேர் ஒரே ஸ்வரத்தை இழுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் சுருதி இம்மி மேலே, இன்னொருவர் இம்மி கீழே. அந்த உரசல்தான் அடர்த்தி. காப்பியில் உரசல் ஏது?

நீங்களும் மூன்று பேர்தானே, நல்லதாயிற்று. கமகம் இல்லாமல் நேராக ‘ஆ’ பாடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் 16 முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாட வேண்டும். மைக்கிலிருந்து நிற்கும் தூரத்தை அவ்வப்போது மாற்றுங்கள். தொடக்கத்தையும் மூச்சு முடியும் இடத்தையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை லூப் ஆக்குங்கள். பன்னிரண்டு ஸ்வரமும் வேண்டாம், உங்கள் பாட்டுக்குத் தேவையானவை போதும். பிறகு ஸ்வரத்துக்கு ஒரு ஃபேடர், அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி; அந்தந்த இடத்தின் கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) உரியதை மட்டும் ஏற்றி இறக்குங்கள். மற்றவற்றை முழுக்க மூடாதீர்கள். டென் சிசி குழுவினர் ஃபேடர்கள் இறங்கும் பாதையின் அடியில் ஒட்டும் டேப்பை ஒட்டி, எதுவும் முழுதாக இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். தம்புரா மாதிரி அடியில் எப்போதும் ஒரு முனகல் ஓடுவது அதனால்தான். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

ஆறு நிமிடப் பாட்டு வானொலிக்கு ரொம்ப நீளம் என்ற தயக்கம் இருந்தது. ஆனாலும் 1975 ஜூன் கடைசியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்து, இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம். வானொலிக்காகச் சுருக்கிய வடிவத்தை வைத்துப் பழகாதீர்கள். முழுப் பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, நடுவில் ஒரு பெண் கிசுகிசுக்கும் இடத்தில் அடியில் ஓடும் குரல்களைக் கவனியுங்கள்.