பாட்டு பீரியடில் கணக்கு எதற்கு?

கேள்வி: என் மகன் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் பாட்டு, ஓவிய பீரியடுகளில் பெரும்பாலும் கணக்குதான் நடக்கிறது. நல்லதுதானே? ஆர்வமுள்ள பிள்ளைகள் வெளியே போய்க் கற்றுக்கொள்ளட்டுமே!
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வெளியே என்றால் எங்கே? பாட்டு டீச்சரை வீட்டுக்கே வரவழைக்க வசதியுள்ள பிள்ளைக்கு உங்கள் யோசனையால் ஒரு நஷ்டமும் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகளுக்குச் சுருதிப் பெட்டியும் வண்ணப் பெட்டியும் எட்டுகிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அதையும் பறித்துவிட்டால், அவளுக்குக் குரல் உண்டா, படம் வரையக் கை வருமா என்பது அவளுக்கே தெரியாமல் போய்விடும். ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத ஒன்றில் ஆர்வம் எங்கிருந்து வரும்?

சட்டம் இதைச் சலுகையாகப் பார்க்கவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை நியமித்தார்கள். தொகுப்பூதியம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பிறகு ஊதியம் உயர்ந்தது என்றாலும், பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த நாட்கள் கொஞ்சமல்ல. மூன்று அரை நாளில் ஒரு பள்ளிக்கே ஒருவர் என்னதான் சொல்லித்தர முடியும்?

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மேடையேறிப் பரிசு வாங்குவது ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளை. தெரியாத பிள்ளைக்கு வேண்டியது வாரந்தவறாமல் ஒரு வகுப்பு. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கர்நாடக சங்கீதத்தையோ சித்திரத்தையோ சாதாரண தரப் பரீட்சை எனும் பள்ளிப் பொதுத்தேர்வுக்கே ஒரு பாடமாக எழுத முடிகிறது.

பாட்டுப் படித்தால் கணக்கில் மார்க் கூடும் என்று எனக்காக வாதாட வருவோரும் உண்டு. அந்த வாதம் எனக்கு வேண்டாம். வகுப்பே சேர்ந்து ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் பிசகாமல் தட்டிப் பாடும்போது ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்குக் கணக்கு மார்க்கின் சிபாரிசு எதற்கு?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போன்ற பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். பாட்டு, ஓவியம் என்று எழுதியிருக்கும் பீரியடில் உண்மையில் யார் வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பணியிடம் காலி என்றால், நிரப்பச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.