பிரேக் மிதித்தால் டெயில் லைட் அணைகிறதா? எர்த்தைப் பாருங்கள்

நண்பரே, ஏற்காட்டில் மழையில் நின்ற கார், பிரேக் மிதித்தால் இடப்பக்க டெயில் லைட் அணைந்து இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, புது பல்பு போட்டும் அப்படியே என்கிறீர்கள். எர்த் கோளாறுதான்; எர்த் என்றால் மின்சாரம் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்ப முயலும். அதனால்தான் இந்தக் கூத்து.

லைட்டைக் கழற்றி ஹோல்டரின் எர்த் முனையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு வயரால் அந்த முனையை பாடியில் பெயிண்ட் இல்லாத போல்ட்டோடு தொட்டுப் பாருங்கள். சரியாக எரிந்தால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். மொத்த லைட்டையும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

பல்பு 21/5 வாட் இரட்டை இழையா (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) என்றும் பாருங்கள். சரியாகும்வரை பனிமூட்டத்தில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டாம்.