தெரிந்த சொல்

ஐயா, மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்கல்லூரியில் சுற்றுலாத் துறை மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பத்தியில் தெரியாத சொல் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். தினமும் இருபது சொல் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? கைப்பேசி அகராதியைத் தடுக்கலாமா?
— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கைப்பேசியை விடுங்கள், பிடுங்கி வைத்தால் கழிவறையில் போய்ப் பார்ப்பார்கள். இருபது சொல் மனப்பாடமா? அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன பாவம் செய்தார்கள்?

தெரியாத சொல்லால் ஆபத்தில்லை அம்மா. தெரியாது என்பதாவது தெரியும், யாரையாவது கேட்டுக்கொள்வோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் காலை வாரிவிடும்.

இருபத்தொரு வயதில் ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன ஹோட்டலின் கவுண்டரில் நின்றேன். ஒரு வவுச்சர், அதாவது முன்பதிவுச் சீட்டு, வந்தது: 'ஏர்லி செக்-இன், சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி'. கடைசிச் சொல்லுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டு அகராதியைப் புரட்டினேன். 'சப்ஜெக்ட்'டைப் புரட்டவில்லை. அதுதான் பள்ளிக்கூடத்துச் சப்ஜெக்ட் ஆயிற்றே! 'அறை இருந்தால்தான்' என்ற நிபந்தனை முழுக்க அங்கேதான் ஒளிந்திருந்தது. வாடிக்கையாளர் போன் செய்தபோது, "காலையிலேயே வாங்க சார்" என்றேன்.

ஏழு மணிக்கு வந்து இறங்கினார்கள். ஓர் அறைகூட காலியில்லை. அந்த வீட்டுப் பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைப் பெட்டிமேல் நீட்டி, பகல் இரண்டு மணி வரை பிரம்பு நாற்காலியில் இருந்தார். பசியாறக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் வைத்த தேநீரில் ஆடை கட்டிவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, உங்கள் வகுப்புக்கு வருகிறேன். கவுண்டர்களில் ஒட்டியிருக்கும் சுற்றுலா வரி அறிவிப்பை எடுத்துப் போங்கள். 2017 செப்டம்பரில் வந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), 'பர் ரூம் பர் நைட்', அதாவது ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு. நான்கு வெளிநாட்டுக்காரர்கள், இரண்டு அறை, மூன்று இரவு: எவ்வளவு என்று கேளுங்கள். 60 வெள்ளி. யாராவது ஒருவன் ஆள்கணக்கில் பெருக்கி 120 என்பான். அவனுக்கு 'ரூம்' தெரியும், 'நைட்' தெரியும், தெரிந்த தைரியத்தில் 'பர்' மேல் ஏறித் தாண்டிப் போயிருப்பான். அவனை எழுப்பி நிற்க வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து, விரல் வைத்து, மனசுக்குள் இன்னொரு முறை வாசிக்கட்டும்.

அப்புறம் அந்த அகராதி. கையிலேயே இருக்கட்டும். 'சப்ஜெக்ட்' என்று தேடச் சொல்லுங்கள், முதல் அர்த்தத்தோடு மூடிவிடாமல்.