பக்கத்து நிலத்தில் கிடங்கு வருகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியாவின் பேராக்கில் எங்கள் ஊர்ப் பக்கம், பால்மரம் (ரப்பர்) வெட்டிய நிலத்தில் டயர் கிடங்கும் லோரிப் பட்டறையும் கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பம் போட்டிருப்பதாகப் பேச்சு. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிறார்கள். நகராண்மைக் கழகத்துத் திட்டப் பிரிவில் பிளான் பார்த்தே தலை நரைத்தவன் நான். கேளுங்கள்.

ஐயா, கோயிலுக்கு எதிரேதான் அந்த நிலம். எங்களுக்குக் கடிதமே வரவில்லை. இது சரியா? – கோயில் நிர்வாகத்தில் ஒருவர்

கோயில் நிற்கிற நிலத்தின் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் இருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம் (சட்டம் 172), பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான் கடிதம் அனுப்பச் சொல்கிறது. அதுவும் அந்த இடத்துக்கு லோக்கல் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்டம்) இல்லாதபோதுதான் சட்டப்படி கட்டாயம். பக்கத்து நிலம் என்றால் எல்லையை ஒட்டியது. நடுவே ரோடோ கால்வாயோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு நிலத்தாரும் ஒரே முட்டுச் சாலையைப் பொதுவாகப் பயன்படுத்தினால் 200 மீட்டர் வரை உள்ள நிலமும் சேரும். கடிதம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். விசாரணை கேட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

கிராண்ட் தோட்டக் கம்பெனி பெயரில். ஆனால் தாத்தா காலத்துக் கோயில் ஐயா! – அதே அன்பர்

தெரியும். நானும் அங்கே தீ மிதித்தவன்தான். ஆனால் கடிதம் போனாலும் தோட்டக் கம்பெனிக்குத்தான் போகும். கிடங்கு வரும் நிலத்தை விற்றதும் அதே கம்பெனியாக இருந்தால், அது ஆட்சேபிக்குமா?

அப்படியென்றால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) மூன்று தலைமுறையாக இருக்கிற எங்களுக்கும் வாயில்லையா? – முன்னாள் பால்மரத் தொழிலாளி

வாய் இருக்கிறது அண்ணே, அந்த 21 நாள் உரிமைதான் இல்லை. எழுதுங்கள், மொட்டையாக எழுதாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் எத்தனை லோரி அந்த ரோட்டில் திரும்பும், மழைத்தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகும், ரோடு எத்தனை அடி அகலம் என்று எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் அது ஃபைலில்தான் தூங்கும்.

ஆக, சட்டமே நிலம் வைத்திருப்பவனுக்குத்தான். இதையும் நியாயப்படுத்துகிறீர்களா? – கோயில் அன்பர் மறுபடியும்

நியாயம் என்று நான் எங்கே சொன்னேன்? விதி இது என்றேன். லோக்கல் பிளானின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது கிராண்ட் இல்லாதவரும் ஆட்சேபிக்கலாம். அந்த நிலத்துக்குத் 'தொழிற்சாலை' என்று நிறம் போட்டதே அங்கேதான். அன்றைக்கு மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்தீர்கள்? கோபம் வேண்டாம், என் மீதும் தப்பு, நான் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

விவசாய நிலத்தில் பட்டறை கட்டலாமா?

நிலத்தின் வகையை மாற்ற வேண்டும். அதை முடிவு செய்வது மாநில அரசு, விண்ணப்பம் நில அலுவலகத்துக்கு. நகராண்மைக் கழகத்தைத் திட்டிப் பயனில்லை.

நாங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர் என்ன செய்கிறார்?

கவுன்சிலருக்கு நீங்கள் ஓட்டுப் போடவில்லை தம்பி. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. இப்போது மாநில அரசுதான் நியமிக்கிறது.

எங்கள் கோயிலுக்கும் கடிதம் வரவில்லை…

கிராண்ட் யார் பெயரில்? மேலே படியுங்கள்.

சபாவில் எப்படி?

சட்டம் 172 தீபகற்பத்துக்கு உரியது. அங்கே வேறு சட்டம். அங்குள்ளவரைக் கேளுங்கள்.

வியாபார லைசென்ஸ் எடுத்துவிட்டேன், கட்ட ஆரம்பிக்கலாமா? – சிறு முதலாளி

கூடாது! லைசென்ஸ் வேறு, திட்ட அனுமதி வேறு. திட்ட அனுமதி, அதாவது கெபெனாரான் மெரான்சாங், இல்லாமல் மேம்பாடு தொடங்கினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிலத்தைச் சமப்படுத்தவும் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காதவரை, அது செத்துவிடும்.

அனுமதி கொடுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா?

மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்கு, ஒரு மாதத்துக்குள். ஆனால் அந்த 21 நாளில் ஆட்சேபித்தவர்தான் போக முடியும். அதனால்தான் தேதி, தேதி என்று கத்துகிறேன்.

நாங்கள் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சொந்த வீட்டுக்காரர்கள். கடிதம் வந்து 18 நாள் ஆயிற்று, ஊரில் இல்லை. என்ன செய்வது? – ஓர் அம்மா

இதைப் படிப்பதை நிறுத்துங்கள் அம்மா. இன்றே காரணங்களை எழுதி, கிராண்ட் நகலை இணைத்து, தபாலில் போடாமல் கவுண்டரில் நேரில் கொடுங்கள். உங்கள் நகலில் தேதி முத்திரை குத்தி வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.