2017 உலக பேட்மிண்டன் இறுதிப் போட்டியில் சிந்து பயந்துதான் தோற்றாரா?

கேள்வி கேட்டவர் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாவது செட்டில் 19-17 என்று முன்னால் இருந்தவர் 20-22 என்று தோற்றால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இதே பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து போனதால், படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவில் 2017 ஆகஸ்ட் 27 அன்று நடந்த அந்த இறுதிப் போட்டியில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா 21-19, 20-22, 22-20 என்று வென்றார். மூன்று செட்டிலும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஒகுஹாரா 63, சிந்து 61. பெண்கள் ஒற்றையர் ஆட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிவது சாதாரணம். இது 110 நிமிடம் நடந்தது.

இரண்டாவது செட்டில் 21-20, சிந்துவுக்கு செட் பாயின்ட், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அந்த செட் அவருக்கு. அந்த ஒரு புள்ளிக்கு இருவரும் மாறி மாறி 73 முறை அடித்தார்கள். பின் மூலைக்கு உயரமாகத் தூக்கி அடிக்கும் டாஸ், அங்கே ஓடிப் போய் எடுத்தால் நெட் ஓரம் மெல்லத் தட்டி விடும் டிராப், அதைக் குனிந்து எடுத்தால் மறுபடியும் பின் மூலை. அந்தப் புள்ளியை எடுத்தவர் சிந்து. பயந்தவர் 73வது அடி வரை கோட்டுக்குள் அடிப்பாரா என்பதைக் கேள்வி கேட்டவரே யோசிக்கட்டும். அதற்கு அப்புறம்தான் மூன்றாவது செட் தொடங்கியது. சிந்துவின் உயரம் ஐந்தே முக்கால் அடிக்கு மேல், ஒகுஹாரா ஐந்தடிக்குச் சற்று மேல். உயரம் ஸ்மாஷுக்கு நல்லது. ஆனால் தரையை ஒட்டி வரும் ஒவ்வொரு டிராப்புக்கும் அந்த உடம்பு முழுவதும் இறங்கி ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் அந்தக் கணக்குத் தொடையில்தான் வந்து நிற்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகள் ஷட்டில் ஆடுகிறாள். மாவட்ட அளவில் ஒரு இறுதிப் போட்டி. காற்றில் காக் (அடித்து ஆடும் இறகுப்பந்து) திசை மாறக்கூடாது என்று ஹாலின் கதவுகளைச் சாத்திவிட்டார்கள், மின்விசிறியும் கிடையாது. சித்திரை மாத வெயில். மூன்றாவது செட்டில் 18-16 என்று இவள்தான் முன்னால். எதிரே ஆடிய பெண் குள்ளம், ஆனால் எதை அடித்தாலும் திரும்பி வரும். வியர்வை சொட்டித் தரை வழுக்குகிறது என்று இவள் கை காட்டினாள். ஒரு பையன் பழைய துண்டைக் காலால் தேய்த்துவிட்டுப் போனான். அடுத்த டிராப்புக்கு இவள் ஓடினாள், கை நீண்டது, ராக்கெட்டின் விளிம்பில் பட்டு நெட்டிலேயே விழுந்தது. 19-21.

வெளியே வந்ததும் கூட வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "முன்னாடி இருந்துட்டு விட்டுட்டியேம்மா, பயந்துட்டியா?" என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே, "பயம் எல்லாம் இல்ல மாமா, கால் வரல" என்றாள். அவர் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

என் மகளையும் சிந்துவையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அந்த அளவு எனக்குத் தெரியும். தோற்றவரைப் பார்த்து மனத்திடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் சொல்கிறேன்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்கு மேல் உள்ளரங்கக் கோர்ட் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. வேலை முடிந்து வருகிற பெரியவர்கள் மாதக் கணக்கில் பணம் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, நடத்துகிறவருக்கும் வாடகை வர வேண்டும். ஆனால் பள்ளி விட்டு வருகிற பிள்ளை எப்போது ஆடும்? இறகு காக் ஒரு டஜன் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, நல்ல ஆட்டம் என்றால் ஒரு மேட்சுக்குள்ளேயே பல காக் இறகு பிய்ந்துவிடும். அதனால் பயிற்சி எல்லாம் பிளாஸ்டிக் காக்கில். போட்டியில் மட்டும் இறகு. இரண்டும் ஒரே மாதிரி பறக்காது. இறகு காக் முதலில் சீறிப் போய்ச் சட்டென்று வேகம் குறைந்து இறங்கும், பிளாஸ்டிக்கில் அந்த இறக்கம் கிடையாது. நெட் ஓரம் நுணுக்கமாக ஆடும் கை இதில் எப்படி வரும்? பேட்மிண்டன் சங்கத்துக்காரர்களிடம் கேட்டால், "வசதி இருக்கிறவங்கதான் இந்த விளையாட்டுக்கு வரணும்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சிந்து நிறைய இறுதிப் போட்டிகளில் தோற்றார் என்பது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம், 2018 உலகப் போட்டியில் நான்ஜிங்கில் மறுபடியும் மரினிடம், அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தைவானின் தாய் சூ யிங்கிடம். ஒலிம்பிக் சாம்பியன், உலகச் சாம்பியன், உலகின் முதல் நிலை வீராங்கனை என்று எதிரே நின்றவர்கள் யார் என்பதையும் பாருங்கள். இறுதிப் போட்டிக்கு வந்தால்தானே அங்கே தோற்கவே முடியும்? கிளாஸ்கோ முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் கொரியா ஓப்பன் இறுதியில் அதே ஒகுஹாராவை 22-20, 11-21, 21-18 என்று சிந்து வென்றார். அதுவும் மூன்று செட், அதுவும் கடைசி வரை இழுத்த ஆட்டம். இறுதிப் போட்டி என்றாலே நடுங்குகிறவர் செய்கிற காரியமா அது?

பாசெல் 2019 பலருக்கு நினைவிருக்கும். அதே உலகச் சாம்பியன்ஷிப் இறுதி, அதே ஒகுஹாரா. 21-7, 21-7 என்று சிந்து வென்றார். 38 நிமிடம். ஆனால் அதற்கு முன் காலிறுதியில் தாய் சூ யிங்கிடம் முதல் செட்டை 12-21 என்று இழந்து, 23-21, 21-19 என்று மீண்டு வந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். இறுதிப் போட்டியில் ஒகுஹாரா சரியாக ஆடவில்லை, அதனால் கிடைத்த வெற்றி என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவீர்கள். ஒகுஹாராவைச் சரியாக ஆட விடாமல் முதல் புள்ளியிலிருந்தே அடித்து ஆடியவர் சிந்து. தோற்றால் சிந்துவின் பயம், வென்றால் எதிராளியின் சோர்வு என்று இரண்டு பக்கமும் நீங்களே பேசினால் அந்தப் பெண் என்னதான் செய்வார்?