கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகன் மெக்சிகோ பெண்ணைக் கட்டப்போகிறான். அவளுடைய அப்பா அம்மா தீபாவளிக்கு வருகிறார்கள். ஸ்பானிய மொழியில் மரியாதையாகப் பேச நாலு வார்த்தை சொல்லுங்கள், ஐயா.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ரொம்பச் சந்தோஷம், அம்மா! நம் ஊர்த் தோட்டத்து வீட்டுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து சம்பந்தி வருகிறார்கள், அவர்கள் மொழியிலேயே வரவேற்பதுதான் அழகு.

அங்கேயும் நீ, நீங்கள் உண்டு. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். சம்பந்தியிடம் உஸ்தெத்தான். வினைச்சொல்லும் கூடவே மாறும்: ஊர் கேட்கும்போது ‘தெ தோந்தே எஸ் உஸ்தெத்?’ என்பது மரியாதை. அதில் ‘எஸ்’ஸுக்குப் பதில் ‘எரெஸ்’ என்றால் சிறுவனிடம் கேட்பதுபோல். இருவரையும் சேர்த்துக் கேட்க, ‘தெ கே பார்த்தே தெ மெஹிகோ சோன் உஸ்தெதெஸ்?’ அதாவது, மெக்சிகோவில் எந்தப் பக்கம்? பேச்சை வளர்க்க இதுவே நல்ல கேள்வி.

உங்களைக் கேட்டால், ‘சோய் தெ சுங்கை சிப்புட், மலாசியா.’ ஆண், பெண் யார் சொன்னாலும் இதேதான்.

பெயரில்தான் கவனம் வேண்டும். ‘சென்யோர்’ (திரு), ‘சென்யோரா’ (திருமதி) குடும்பப் பெயரோடு வரும். மரியாதைக்கு ஆணுக்குச் சொல்லும் ‘தோன்’, பெண்ணுக்குச் சொல்லும் ‘தோன்யா’ சொந்தப் பெயரோடு வரும். பெரும்பாலும் அவர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு, முதலில் அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. அதனால் சம்பந்தியம்மாவைக் கணவர் பெயர் சேர்த்துக் கூப்பிடாதீர்கள். மகனிடம் இப்போதே கேட்டு, இருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.